கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? கையை எடுங்கள், காதைக் கொடுங்கள்

கார் வாங்கிய முதல் வருடம், மார்கழியில் ஒரு நாள். விடியற்காலை நாலரை மணி. மைத்துனர் குடும்பத்தை எழும்பூரில் ரயிலேற்ற வேண்டும். டிக்கி நிறையப் பெட்டிகள், பின்சீட்டில் தூங்கி வழியும் பிள்ளைகள், முன்சீட்டில் மாமியார். சாவியைத் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மீட்டரில் இருந்த விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன. இன்னொரு முறை திருகினேன். அதே 'டிக்'. மாமியார் "முருகா" என்றார். பதினைந்து தடவையாவது திருகியிருப்பேன். கடைசியில் ஆட்டோ பிடித்துத்தான் போனார்கள்.

மெக்கானிக்குக்கு போன் போட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "செல்ஃப் எடுக்குதா சார்?" எனக்குப் புரியவில்லை. "ஸ்டார்ட் ஆகலைங்க" என்றேன். "அது சரி, என்ன சத்தம் வருது?" சொல்லத் தெரியவில்லை. பத்து மணிக்கு வந்தவர் பானெட்டைத் தூக்கி, பேட்டரியின் மைனஸ் பக்க டெர்மினலைக் கையால் பிடித்து அசைத்தார். விழப்போகும் பால்பல் மாதிரி ஆடியது. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முறுக்கினார். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

புதிதாகக் கார் ஓட்டுகிறவர்கள் யார் கேட்டாலும் அதிலிருந்து நான் சொல்வது இதுதான்: திருகிக்கொண்டே இருக்காதீர்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பதை முதல் திருகலில் வரும் சத்தமே சொல்லிவிடும். அதற்குப் பிறகு திருகுகிற ஒவ்வொரு தடவையும் இருக்கிற கொஞ்சம் சார்ஜையும் தின்னும், ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சூடாக்கும். நம்மூரில் 'செல்ஃப்' என்று சொல்வது இந்த மோட்டாரைத்தான். அது சுற்றி இன்ஜினைப் புரட்டினால் 'செல்ஃப் எடுக்குது'. புரட்டாவிட்டால் 'செல்ஃப் எடுக்கல'. இந்த இரண்டுக்கும் காரணங்கள் வேறு, வைத்தியமும் வேறு.

பானெட்டைத் திறப்பதற்கு முன்

வெட்கப்படாமல் சின்ன விஷயங்களை முதலில் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருக்க வேண்டும், பிரேக்கில் கால் இருக்க வேண்டும். கியர் வண்டியிலும் இப்போது பல மாடல்களில் கிளட்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். காலடியில் மிதியடி மடங்கிக்கொண்டு கிளட்ச் கடைசி வரை போகாமல் நின்று, வண்டி கெட்டுவிட்டது என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாவியே திரும்பவில்லையா? அது ஸ்டியரிங் லாக். சாவியை மெதுவாகத் திருப்பியபடியே ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைத்தால் விட்டுக்கொடுக்கும். பலம் போட்டால் சாவி உடைந்து, கூடுதல் செலவு.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் 'சாவி இல்லை' என்று காட்டினால், சாவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலான கார்களில் அந்தச் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டினாற்போல் வைத்து அழுத்தினால் வண்டி அடையாளம் கண்டுகொள்ளும். கதவு திறக்க சாவிக்குள்ளேயே ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும். பல சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற ரகம். வாட்ச் கடையில் கிடைக்கும், நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

மீட்டரில் பூட்டோ சாவியோ போன்ற குறி சிமிட்டிக்கொண்டே இருந்தால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை ஏற்கவில்லை என்று அர்த்தம். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து முயன்று பாருங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால் கோளாறு வண்டியில் இல்லை, முதல் சாவியில்.

என்ன சத்தம்?

இப்போது ஏ.சி., பாட்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்யுங்கள். கவனமாகக் கேளுங்கள்.

'டிக்டிக்டிக்டிக்' என்று வேகமாக அடுக்கினால் அநேகமாகப் பேட்டரி டவுன். மோட்டாரை இழுக்கும் அளவுக்கு அதில் தெம்பில்லை. 'ஞொய்ங்... ஞொய்ங்...' என்று இழுத்து இழுத்து மடிந்தாலும் அதே கதைதான்.

ஒரே ஒரு கனமான 'டிக்', பிறகு அமைதி. இதில் இரண்டு உண்டு. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். வெளிச்சம் மங்கி அணைகிறது என்றால் பேட்டரியோ டெர்மினலோதான். வெளிச்சம் அசையாமல் நின்றால் செல்ஃப் மோட்டாரிலோ அதற்கு மின்சாரத்தை விடும், மேலிருக்கும் சொலினாய்டு சுவிட்சிலோ கோளாறு. அந்தக் காலத்து டிரைவர்கள் மோட்டார் மேல் ஸ்பேனரால் லேசாக ஒரு தட்டு தட்டி எடுத்துவிடுவார்கள். தேய்ந்த கார்பன் பிரஷ் ஒட்டிக்கொண்டு ஒரு தடவை வேலை செய்யும். இன்றைய வண்டிகளில் மோட்டார் இருக்கும் இடத்துக்குக் கை போவதே கடினம். புதியவர்கள் அதை முயல வேண்டாம்.

சத்தமே இல்லை, மீட்டரில் விளக்கும் இல்லை என்றால் பேட்டரி முழுக்கச் செத்திருக்கிறது அல்லது இணைப்பு அறுந்திருக்கிறது. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஆனால் சத்தமே இல்லை என்றால் கிளட்ச், பிரேக், கியர் சுவிட்சுகளையும் ஸ்டார்ட்டர் ரிலேயையும் சந்தேகப்படுங்கள். ஆட்டோமேட்டிக்கில் 'பி'யில் எடுக்காத வண்டி 'என்'னில் எடுத்துவிடுவதுண்டு. பிரேக்கை மிதித்துக்கொண்டு மாற்றிப் பாருங்கள்.

நான்காவது வகை: செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பற்றவில்லை. பேட்டரியை விட்டுவிடுங்கள், அது குற்றவாளி இல்லை. இதற்குப் பின்னால் வருகிறேன்.

டெர்மினலில் பூத்த உப்பு

நம் வெயிலில் கார் பேட்டரி மூன்று நான்கு வருடம் உழைத்தால் நல்ல பேட்டரி. குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் படுக்கும், நமக்குச் சித்திரை வெயில்தான் உள்ளே அரிக்கிறது. அதன் பலன் மழைக்காலத்து ஒரு காலையில் தெரியும்.

பானெட்டைத் திறந்ததும் டெர்மினல்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ மயில்துத்தம் மாதிரி நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் மின்சாரம் தடைபடும். கையால் அசைத்துப் பார்த்து, ஆடினால் முறுக்குங்கள். பல கார்களில் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். அது ஒன்று டாஷ்போர்டு அறையில் எப்போதும் கிடக்கட்டும்.

சுத்தம் செய்ய வேண்டுமானால் வண்டியை அணைத்து முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இந்த வரிசை சாஸ்திரத்துக்காக இல்லை. காரின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் பக்கத்துத் தகட்டில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். மோதிரம், கைச்சங்கிலி இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச்சோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷைத் தோய்த்துத் தேயுங்கள். பொடி பொங்கி நுரைத்துக் கரைவதைப் பார்க்கவே ஒரு திருப்தி இருக்கும். அந்தக் கரைசல் பேட்டரியின் மூடி ஓட்டைக்குள் இறங்கக் கூடாது. துடைத்து உலர்த்தி, மாட்டி முறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தேய்த்த பொடியில் அமிலம் இருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

300, 400 ரூபாய்க்கு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஊகத்துக்கே வேலையில்லை. வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலிதான். ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் ஒருவர் மல்டிமீட்டரைப் பார்க்கட்டும்: 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். நின்றபோது 12.6 காட்டிவிட்டு செல்ஃப் எடுக்கும்போது 7-க்கு விழும் பேட்டரிகள் உண்டு. ஆளைப் பார்த்தால் திடகாத்திரம், அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஜம்ப் ஸ்டார்ட்

இன்னொரு 12 வோல்ட் காரும் நல்ல தடிமனான ஜம்பர் கேபிளும் இருந்தால் பத்து நிமிட வேலை. நூல் மாதிரி ஒயர் இருக்கும் மலிவு கேபிள் சூடாகுமே தவிர இழுக்காது. உங்கள் பேட்டரி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டு ஒழுகினாலோ இதைச் செய்யவே வேண்டாம். உதவ வரும் வண்டி எலெக்ட்ரிக்கோ ஹைபிரிடோ என்றால் அதன் கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று உரசாமல், அணைந்த நிலையில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கட்டும்.

1. சிவப்பு முனை உங்கள் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. சிவப்பின் மறுமுனை உதவி வண்டியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பு முனை உதவி வண்டியின் மைனஸில்.
4. கறுப்பின் மறுமுனையை உங்கள் பேட்டரி மைனஸில் மாட்டாமல், தள்ளியிருக்கும் பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்தில், ஒரு கனமான போல்ட்டில் கவ்வவிடுங்கள்.

நான்காவதைப் பலரும் சோம்பலில் மைனஸிலேயே மாட்டிவிடுகிறார்கள். கடைசி இணைப்பில்தான் பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், அது பற்றக்கூடியது. பொறியைத் தள்ளி வைக்கத்தான் இந்தச் சுற்று வழி. பக்கத்தில் பீடி சிகரெட் பிடிப்பவர் யாராவது வேடிக்கை பார்த்தால் அனுப்பிவிடுங்கள். பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் இரண்டு வண்டியின் எலெக்ட்ரானிக்ஸும் போகும். குறியை டார்ச் அடித்து இரண்டு முறை பாருங்கள், கேபிள் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

உதவி வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்களுடையதை முயலுங்கள். ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், இடையில் அரை நிமிடம் ஓய்வு. ஸ்டார்ட் ஆனதும் மாட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றுங்கள்.

உடனே அணைத்துவிடாதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஓடும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால், ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அடுத்த நாளே படுக்கும். இதைப் பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டுப் பணத்தை விட்டவர்கள் நிறைய.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா என்று கண்டிப்பாக யாராவது கேட்பார். நம் ஊரில் நாலு பேர் கூடிவிட்டால் தள்ளாமல் விடமாட்டார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் நடக்காது. கியர் வண்டியில் சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியர் போட்டு, வண்டி ஓட்ட வேகத்துக்கு வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். இன்ஜின் ஓடாதபோது ஸ்டியரிங் கல்லாக இருக்கும், பிரேக்கும் கனக்கும். அதனால் சரிவில், போக்குவரத்தில் வேண்டவே வேண்டாம். பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் தள்ளியும் பிரயோசனமில்லை. பெட்ரோல் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டுமே.

செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல

முதலில் பெட்ரோல். முள்ளை நம்பாதீர்கள், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். டேங்க் வறண்ட நிலையில் சரிவில் நிறுத்தினால் அடியில் இருக்கும் கொஞ்சமும் பம்ப்புக்கு எட்டாது. டீசல் வண்டி முழுக்கத் தீர்ந்து நின்றிருந்தால் டீசல் ஊற்றியதும் ஓடிவிடாது. குழாயில் காற்று அடைத்திருக்கும், அதை வெளியேற்ற வேண்டும். டீசல் வண்டியில் பெட்ரோல் அல்லது பெட்ரோல் வண்டியில் டீசல் ஊற்றிவிட்டது தெரிந்தால் சாவியைத் தொடாமல் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். சி.என்.ஜி. வண்டிகளில் பல பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிப் பிறகே கேஸுக்கு மாறும். காசு மிச்சம் என்று பெட்ரோல் டேங்கைக் காயப்போட்டால் காலையில் இப்படி நிற்கும். புகையைச் சுத்தம் செய்ய ஆட்ப்ளூ என்ற திரவம் ஊற்றும் பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் அது தீர்ந்தால் இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மீட்டர் பல நூறு கிலோமீட்டருக்கு முன்பே கத்த ஆரம்பிக்கும், அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

பெட்ரோல் இருக்கிறதா? சாவியை 'ஆன்' மட்டும் செய்துவிட்டு, பின்சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். பல பெட்ரோல் கார்களில் இரண்டு நொடி 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் கேட்கும். அதுதான் பம்ப். முன்பு கேட்டது இப்போது கேட்கவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ எது எதற்கு என்று படம் இருக்கும். உருவிப் பார்த்தால் நடுவில் கம்பி அறுந்திருப்பது தெரியும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அதே நிறத்தைத்தான் போட வேண்டும். பெரிய ஆம்பியர் போட்டாலோ வெள்ளித்தாள் சுற்றினாலோ ஒயர் பற்றி எரியும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட். அங்கே நிறுத்துங்கள்.

நம் ஊரில் இன்னொரு ஆசாமி உண்டு: எலி. ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் ஊருக்குப் போய் வந்த பிறகு எனக்கு நடந்தது. பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் பாதி கடித்த மெதுவடை. எங்கிருந்து தூக்கி வந்ததோ. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய்ச் சில்லும் துணிக் கிழிசலும். இரண்டு சென்சார் ஒயர்களைக் கத்தரித்தாற்போல் கடித்திருந்தது. டார்ச் அடித்து ஒயர்களைக் கண்ணால் தொடர்ந்து போனால், செம்பு பளபளக்கும் இடம் புதுக் கடி. பானெட்டுக்குள் புகையிலைக் கட்டைத் தொங்கவிடுகிறவர்கள் பலர், நானும் செய்கிறேன். கார் பக்கத்தில் குப்பைத்தொட்டி இல்லாமல் பார்த்துக்கொள்வது அதைவிட உபயோகம்.

செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, கனமே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றினால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அல்லது செயின் போயிருக்கலாம். இன்னொரு முறை திருகினால் வால்வுகள் வளையலாம். கையை எடுத்துவிடுங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டி

இதை மட்டும் உரக்கச் சொல்கிறேன். மழைநீரில் பம்பர் உயரம் மூழ்கிய வண்டியையும், தண்ணீருக்குள் ஓடும்போது நின்றுபோன வண்டியையும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு முறை கூட வேண்டாம். சிலிண்டருக்குள் இறங்கிய தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட்தான் வளையும். ஆயிரங்களில் முடிய வேண்டிய செலவு லட்சத்தைத் தொடும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டி மூழ்கியவர்கள் வயிற்றெரிச்சலோடு சொன்ன கதை இது. இந்தப் பயத்தில்தான் கனமழை என்று அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுகின்றன.

முடிந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றி, வண்டி நின்ற நிலையை போட்டோ எடுத்து, இன்சூரன்ஸில் சொல்லி, இழுவை வண்டிக்குக் காத்திருங்கள். தண்ணீரில் நின்றபின் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பணம் வாங்குவது கடினம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் இருக்கிறது. தாழ்வான தெருவில் குடியிருந்தால் அடுத்த புதுப்பிப்பில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

ரோட்டில் நின்றுவிட்டால்

ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். நெடுஞ்சாலையில் குடும்பத்தை வண்டிக்குள் உட்கார வைக்காமல், தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழைக்கலாம். உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் சாலையோர உதவி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து அந்த எண்ணை போனில் சேமித்துவிடுங்கள். பலர் பணம் கட்டியிருப்பதே தெரியாமல் வழியில் கிடைத்த ஆளுக்கு இரட்டிப்பாகக் கொடுக்கிறார்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போது 'ஸ்டார்ட் ஆகல' என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "பெட்ரோல் வண்டிங்க, பேட்டரி போட்டு மூணு வருஷம் ஆச்சு. செல்ஃப் எடுக்கல, டிக்டிக்னு அடிக்குது, ஹெட்லைட் மங்குது." அவர் கேபிளும் ஒரு பேட்டரியும் எடுத்துக்கொண்டு வருவார். "செல்ஃப் நல்லா எடுக்குது, பம்ப் சத்தம் கேக்கல, டேங்க் பாதி இருக்கு" என்றால் ஸ்கேனரும் டெஸ்ட் லைட்டும் வரும். எனக்கு அன்று இது தெரியாததால் அந்த மனிதர் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுக்க மறுபடி கடைக்குப் போய் வந்தார்.